சத்தம் நின்ற சைக்கிள்

எனக்குச் சத்தம் ஆகாது. குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் மூடிவிட்டுத்தான் உட்காருவேன்.

மச்சானுக்கு அது தெரியும். அக்காவைக் கட்டியவர்; தன் அலுவலகத்திலேயே என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஞாயிறு மதியம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ளே, மிதிக்கிறப்பல்லாம் டக்கு டக்குங்குது. ரோட்டுல போறவன்லாம் திரும்பிப் பார்க்கிறான். உனக்குத்தான் பாம்புக் காதாச்சே, பாரு."

பிறகு படியில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைப் பேசினார்.

எங்கள் அலுவலகம் மருத்துவமனைகளுக்கு மருந்து ஏற்றும் கருவி செய்கிறது. குழாய் அடைத்துக்கொண்டால் கருவி கத்தும். அதற்கான கம்ப்யூட்டர் நிரலைக் கிளை கிளையாக, தனித்தனிப் பிரதிகளாகப் பிரித்து வைத்திருப்போம். ஒரு கிளை மருத்துவமனைக்குப் போவது. மற்றவை நாங்கள் சோதித்துப் பார்ப்பதற்கு. நாங்கள் பெயர் வைக்கிற லட்சணம் அப்படி: 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'நிஜ ஃபைனல்'. என் மேஜையில் கருவி நாள் முழுக்கக் கத்தியதால், என் கிளையில் அதன் வாயை அடைத்து வைத்திருந்தேன். அனுப்புகிற அன்று கிளை மாறி, என்னுடையது மருத்துவமனைக்குப் போய்விட்டது.

ஒரு வார்டில் குழாய் அடைத்தது. கருவி கத்தவில்லை. ஒரு பெண் இறந்துபோனாள். கருவி பழுது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மச்சான் மட்டும் ஒவ்வொரு கிளையாகப் பின்னோக்கிப் போய் என் பெயரில் வந்து நின்றார்.

"நாளைக்குப் பத்து மணிக் கூட்டத்துல நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்ல வேண்டி வரும். பொண்டாட்டி தம்பின்னு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதுடா."

"சரி மச்சான். சைக்கிளை விட்டுட்டுப் போங்க" என்றேன்.

எதில் கோளாறு என்றாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். செயினைக் கழற்றிக் கழுவினேன். சத்தம் போகவில்லை. பெடலை மாற்றினேன். அப்போதும் போகவில்லை. வலது பெடலைத் தாங்கும் தண்டைத் துடைத்தபோது நகத்தில் ஒரு கோடு தட்டியது. முடி அளவு விரிசல். அழுத்தினால் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. டக்கு.

அவர் தினமும் ஏறுகிற பாலம் எனக்குத் தெரியும். ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து நின்று, முழு எடையையும் போட்டு மிதிப்பார். பின்னால் லாரிகள் வரிசையாக வரும்.

விரிசலில் பசை ஊற்றினேன். காய்ந்ததும் தேய்த்துக் கறுப்புச் சாயம் பூசினேன். மாலையில் அவர் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுதுடா" என்றார். போகும்போது என் தோளில் கை வைத்தார். "நாளைக்கு நானும் உன் பக்கத்துல நிக்கிறேன். பயப்படாத."

பத்து மணிக் கூட்டம் நடக்கவில்லை. ஒன்பதே காலுக்கே பாலத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. எல்லோரும் அக்கா வீட்டுக்கு ஓடினார்கள், நானும்தான். கருவிகள் இன்னும் வார்டுகளில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தண்டு முறிந்த இடத்தில் பசை இருக்கிறது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். இருக்கும். நான் ஊற்றியதுதான். அவர் சத்தத்தை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். விரிசல் இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமலேயே பிரேக் இரண்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். கொல்ல நினைக்கிறவன் அதைச் செய்வானா?