கல்லுப்பாலத்துச் சாமி

காலை 9.40-க்குத் தருமபுரியிலிருந்து காரிமங்கலம் போகும் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் மடி நிறையச் சாமந்தியோடு இருந்த அம்மாள், பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

"சாமியக் குளிப்பாட்டப் போயி எங்கூரு கல்லுப்பாலம் பொழைச்சுக்கிச்சு, கண்ணு."

"இடிக்கப் போறாங்கன்னீங்களே, அத்தை?"

"ஆமா, ரோடு அகலம் பண்ணணும்னாங்க. பழங்காலத்துப் பாலம், இடிக்காதீங்கன்னோம்; அதுக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்டாங்க. பாலத்தோரம் நட்டிருக்கிற கல்லுதான் எங்க சாமி. வருசா வருசம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். இடிக்கறதுக்குள்ள கடைசியா ஒருக்காக் குளிப்பாட்டலாம்னு சுண்ணாம்பச் சுரண்டினா, உள்ள பூரா எழுத்து!"

"என்ன எழுதியிருந்துச்சு?"

"தொல்லியல் ஆபீஸரு வந்து படிச்சாரு. பாலம் கட்டினவரு பேரு, சந்தைக்குப் போற வண்டிக்கு இங்க சுங்கம் கிடையாதுன்னு. இப்ப புதுப்பாலத்தப் பக்கத்துல கட்டறாங்களாம்."

"ஆதாரத்து மேலயே சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்க!"

"அதனாலதான் எழுத்து தேயலன்னு அவரே சொன்னாரு."

"அப்ப இனிமே சாமி இல்லையா?"

"ஏன் இல்ல? எழுத்து மறையாம மாலை போடணும், அவ்வளவுதான்."

காரிமங்கலம் வரும்வரை அவர் மடியிலிருந்த பூவைச் சின்னச் சின்ன மாலையாகவே கட்டிக்கொண்டு வந்தார்.