தண்ணீர் கலக்காத கிளிசரின்

மார்கழிப் பனி தொடங்கினால் எனக்குக் குதிகால் வெடித்துவிடும். காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். கிளிசரினில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து தடவுவேன், நாலு நாளில் சரியாகும். தண்ணீர் முக்கியம், சார். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கிற சாமான். காற்று வறண்டிருந்தால் தோலுக்கு அடியில் இருக்கும் ஈரத்தையே இழுக்கும். மேலே மினுங்கும், உள்ளே காயும்.

பெருந்துறையில் ஒரு சலவைப் பட்டறையில் நான் மேஸ்திரி. தொண்ணூற்றாறு தையில் ராசாத்தாள் வேலைக்கு வந்தாள். காரத் தண்ணீரில் ஊறிய துணியை வெறும் கையால் அள்ளிப் பிழிகிற வேலை. பதினாறு வயதில் நானும் அந்தத் தொட்டியில் நின்றவன்தான். செத்தா போனேன்?

பங்குனியில் அவள் விரலெல்லாம் வெடித்தது.

“ஏனுங்க மேஸ்திரி, கை எரியுதுங்க. ஒரு ஜோடி ஒறை குடுங்க.”

“ஒறை போட்டா துணி வழுக்கும் அம்மணி. இதத் தடவு, கை பட்டாட்டம் ஆயிரும்.”

“பட்டு எனக்கு எதுக்குங்க? சோறு பெசஞ்சு திங்கறதுக்குக் கை இருந்தாப் போதுங்க.”

வாய்த்துடுக்கு. ஆனாலும் கிளிசரின் புட்டியை வாங்கிக்கொண்டாள்.

முதலாளி வேங்கடசாமி நல்ல மனிதர். ஆளுக்கொரு ஜோடியாகப் பன்னிரண்டு ஜோடி ரப்பர் உறை வாங்கி அனுப்பியிருந்தார். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. உறை போட்டால் வேலை இழுக்கும், இழுத்தால் என் பேர் கெடும். பன்னிரண்டு பேர் கையா, என் ஒரு பேரா என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

கிளிசரின் என் சொந்தச் செலவு. அதில் தண்ணீர் கலக்கவில்லை. ஏழைகளுக்குக் கொடுப்பதில் போய்த் தண்ணீர் கலப்பார்களா? கலந்தால் மினுக்கமும் குறையும். துணி வாங்கும் கம்பெனியிலிருந்து உமர் பாரூக் என்பவர் ஆட்களின் கையைப் பார்க்க வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்த அன்று காலை எல்லார் கையிலும் நானே ஊற்றினேன். ராசாத்தாளுக்கு மட்டும் இரண்டு தடவை.

அவர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பளபளத்தது.

“கை எரியுதாம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

“இல்லீங்க.”

மனிதர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வெளியே பங்குனி வெயில் கொளுத்தியது. உள்ளே பன்னிரண்டு பேரும் தொட்டிக்குத் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் ராசாத்தாளின் வலது கையில் சீழ் வைத்தது. “இன்னுங் கொஞ்சம் தடவு கண்ணு” என்றேன். தடவினாள். மரியாதை தெரிந்த பெண். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். “தண்ணியக் கலக்கச் சொல்லிருந்தீங்கன்னா கலந்திருப்பனேங்க” என்றாள், பார்க்கப் போனபோது. டாக்டர் சொல்லித் தெரிந்திருக்கிறது. ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். உரித்தும் கொடுத்தேன்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார். காயும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் அலமாரியையும் பூட்டினேன். மற்றபடி யாருக்கும் நான் ஒரு குறையும் வைத்ததில்லை. ராசாத்தாளுக்கு மட்டும் ரப்பர் உறை பாக்கி. ஜோடியாகக் கேட்டாள். இனி இடது கைக்கு ஒன்று கொடுத்தால் போதும், கடன் தீர்ந்துவிடும்.