சந்தனம் வைக்க ஒரு பெட்டி

கெசியா: …இந்தப் பழைய பெட்டிய வெளியவாவது துடைலே. ஓடுத மிஷின்னு சொல்லப் போறோம்.

ஜாபேஸ்: துடைச்சா ஓட்டை தெரியும்க்கா. ஓட்டை வழியா உள்ள காலின்னும் தெரியும்.

கெசியா: ரைஸ் மில் அண்ணாச்சி எங்கன வாராகளாம்?

ஜாபேஸ்: சேரன்மகாதேவியிலேருந்து வந்து டவுன்ல மாலை வாங்குதாக.

கெசியா: மாலையா?

ஜாபேஸ்: ஆயுத பூஜைல்லா. மில்லுல எல்லா மிஷினுக்கும் சந்தனம் வச்சாச்சாம். வெப்சைட் ஓடுத மிஷின் மட்டும் பாக்கியாம்.

கெசியா: அவுக வெப்சைட் போட வந்தப்பமே சொல்லியிருக்கலாம்ல… பதினோரு வெப்சைட்டும் ஒரே மிஷின்லதான் ஓடுதுன்னு.

ஜாபேஸ்: சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேற அரிசிக்காரன் இருக்க பெட்டியில என்னைச் சேக்காதவேன்னுட்டாக. உங்களுக்குத் தனிப் பெட்டி அண்ணாச்சின்னு சொல்லிட்டேன்.

கெசியா: அதுல இன்னும் ரெண்டு அரிசிக்காரங்க இருக்காங்களே…

ஜாபேஸ்: அவங்களுக்கும் அதைத்தான் சொன்னேன். நான் ஆளுக்கொரு பொய் சொல்லுத ஆளு இல்ல.

கெசியா: உனக்குப் பாத்திருக்க பொண்ணு வீட்டுல உன்னை டேட்டா சென்டர் ஓனர்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஜாபேஸ்: பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கே, அதையா?

கெசியா: சிரிக்காத. இவுக கோவிச்சுக்கிட்டுப் போனா?

ஜாபேஸ்: பாதிப் பேரு இவுக சொல்லி வந்தவங்க. இவுக போனா அவங்களும் போவாங்க. அப்புறம் மிஷின்ல என் ஜாதகத்தை ஏத்த வேண்டியதுதான்.

கெசியா: சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கு ஏதுலே ஜாதகம்?

ஜாபேஸ்: அதுவும் இல்லையா…

கெசியா: பெட்டியில மில்லு பேரு ஒட்டிட்டேன். கொஞ்சம் கோணல்.

ஜாபேஸ்: இருக்கட்டும். அப்பத்தான் நான் செஞ்சதுன்னு நம்புவாக.

ஐயம்பெருமாள்: என்னவே ஜாபேஸ், வரலாமா?

ஜாபேஸ்: வாங்க அண்ணாச்சி. இந்தா… இதான் உங்க மிஷின்.

ஐயம்பெருமாள்: ம்… பேரெல்லாம் போட்டிருக்கு. ஏம்மா, சந்தனம் வச்சா நீங்க ஒண்ணும் நினைக்க மாட்டியளே?

கெசியா: உங்க மிஷின் அண்ணாச்சி. தாராளமா வைங்க.

ஐயம்பெருமாள்: தம்பி…

ஜாபேஸ்: சொல்லுங்க.

ஐயம்பெருமாள்: மில்லுல எந்த மோட்டார் பக்கம் போனாலும் முதல்ல கைய வச்சுப் பாப்பேன். சூடு எப்படின்னு. இது ஜில்லுன்னு கிடக்கே.

ஜாபேஸ்: ஏசி இருக்கதால…

ஐயம்பெருமாள்: ஏசி எங்கன இருக்கு?

ஜாபேஸ்: வாங்கணும் அண்ணாச்சி.

கெசியா: போதும்லே. சொல்லிரு.

ஐயம்பெருமாள்: பீரோ பக்கத்துல ஒண்ணு இரையுதே. அதானவே?

ஜாபேஸ்: அதான். பதினோரு பேரும் அதுலதான். யாரு எந்தப் பேரைக் கேட்டு வாராங்களோ, அந்தப் பேருக்குள்ள பக்கத்தை எடுத்துக் காட்டும். ஒண்ணோட ஒண்ணு கலக்காது. மிஷின் ஒழுங்கு அண்ணாச்சி. வச்சிருக்கவன்தான் சரியில்ல.

ஐயம்பெருமாள்: அரிசிக்காரன் உண்டா அதுல?

ஜாபேஸ்: ரெண்டு பேரு. முத்துவயல் பொன்னி… வெள்ளிக்கதிர் பொன்னி. மன்னிச்சிருங்க.

ஐயம்பெருமாள்: ரெண்டுமா… என்கூடயா…

கெசியா: வேற இடம் பாக்கணும்னா நாங்களே மாத்தித் தாரோம் அண்ணாச்சி. அந்த ரெண்டு பேருக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவங்களும் தனிப் பெட்டின்னுதான் நம்பிக்கிட்டு இருக்காங்க.

ஐயம்பெருமாள்: மூணும் ஒரே மிஷின்ல இருக்குன்னு வெளிய இருக்கவன் கண்டுபிடிக்க முடியுமா?

ஜாபேஸ்: விவரம் தெரிஞ்சவன் தேடினா முடியும்.

ஐயம்பெருமாள்: அரிசி வாங்குத வியாபாரிங்க?

ஜாபேஸ்: அவங்க எங்க தேடப் போறாங்க… ஏன் அண்ணாச்சி, முகமெல்லாம் வேர்க்குது?

ஐயம்பெருமாள்: ஏம்மா, அந்தக் கதவைப் பைய சாத்து. என் மச்சினனை விட்டு அந்த ரெண்டு வெப்சைட்டையும் போடச் சொன்னதே நான்தான். மூணு அரிசியும் என் குடோன்லேருந்துதான் போகுது. சாக்குதான் வேற.