இருநூறுன்னா இருநூறுதானா?

...அடுப்புலதாம்மா கோளாறு, வேற ஒண்ணுமில்ல. வெளிய எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன், உனக்கும் அதேதான். சோறு தீரல. சோறு வந்துக்கிட்டே இருக்கு. பன்னெண்டு வருஷமா கேட்டரிங் பண்றேன், "தீந்துபோச்சு"ங்கற வார்த்தை என் வாயில வந்ததே இல்ல. கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குப் பொண்ணு முகம் மறந்துடும், மாப்ள முகம் மறந்துடும், அந்த ஒரு வார்த்தை மட்டும் சாகுற வரைக்கும் மறக்காது.

உள்ள வா கண்ணு. சமையக்கட்டு வாசல்ல வெறுந்தட்டோட நிக்காத, பின்னாடி வர்றவங்க பாத்தா சோறு தீந்துடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. இந்தா, ஸ்டூல்ல உக்காரு. ஐயய்யோ, அது இல்ல, அதுக்கு ஒரு கால் ஆடும்... ஆங், அதான். தண்ணி கொதி வந்துடும். வந்ததும் அரிசியைப் போட்டா கால் மணி நேரம். கறி இருக்கு, பயப்படாத. கொஞ்சம் வெந்நீர் விட்டு நீட்டியிருக்கேன்... இதை வெளிய சொல்லாத.

எல்லாம் அவனாலதான். அதோ, எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு வெள்ளரிக்கா நறுக்கறானே, அவன்தான். என் கூடப்பொறந்த தம்பி. மாஸ்டர்னு சொல்லணுமாம்! நூத்தி எழுபது பேருக்குச் சோறு போடுடான்னா நூத்தம்பதுக்குப் போட்டிருக்கான். இன்னிக்குன்னு பாத்து! வேற என்னிக்காவது பண்ணியிருந்தா நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன். இன்னிக்கு என்ன நாள் தெரியுமா? கல்யாண வீட்டுக்காரர் இருக்காரே, மாப்ளையோட அப்பா... அவரு பெரிய கம்பெனியில இருக்காரு. அங்க கேன்டீன் எடுத்து நடத்த ஆள் தேடறாங்க. முந்நூறு பேர், தினமும் ஒரே இடம், ஒரே அடுப்பு. இன்னிக்குச் சாப்பாட்டைப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்னாரு. நாளைக்கு!

என் முட்டியைப் பாரு. வேன்ல ஏறி, எறங்கி, அண்டாவத் தூக்கி, மாடி ஏறி... ஒரே எடத்துல நின்னு சமைக்கணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா? அது நிக்குது இப்போ, இந்தக் கொதிக்காத தண்ணியில.

என்ன? ஆமா, வந்திருக்கறது இருநூறு பேருதான். அதுக்கு ஏன் நூத்தி எழுபதா? கேப்பேன்னு நெனச்சேன். அமைதியா இருக்கறவங்கதான் இப்படிக் கேப்பாங்க.

தொழில் ரகசியம்மா அது. கல்யாண வீட்டுக்காரங்க என்னிக்காவது சரியான எண்ணிக்கை சொல்லியிருக்காங்களா? பத்தாமப் போயிடுமோன்னு பயந்து ஏத்திதான் சொல்லுவாங்க. ஒருதடவ ஒருத்தர் முந்நூறுன்னாரு. வந்தது நூத்திப் பத்து. மிச்சத்தை என்ன பண்றது? தெரு பூரா குடுத்தேன். மூணாம் நாள் எங்க வேனைப் பாத்தா எதிர்வீட்டுக்காரங்க கதவச் சாத்தினாங்க. தெரு நாய் எந்திரிச்சு அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு, சத்தியமா! அன்னிலேருந்து யார் என்ன சொன்னாலும் முப்பதைக் கழிச்சிடுவேன். இவன்கிட்டயும் கண்டிப்பா சொன்னேன், "இனிமே ஒரு பிடி சோறு மிஞ்சினாலும் உன் தலையிலதான் கவுப்பேன்"னு. அதுக்குப் பயந்து, நான் கழிச்சதுக்கு மேல இவன் ஒரு இருபதைக் கழிச்சிருக்கான். ரகசியமா! அக்காகிட்டயே!

டேய், என்னடா முணுமுணுக்கற? "நீதானே திட்டின"ங்கறியா? திட்டுனேன்டா. மிஞ்சக்கூடாதுன்னுதான் திட்டுனேன், கொறையணும்னா திட்டுனேன்? நறுக்கு, நறுக்கு. மெலிசா நறுக்கு, அதை வச்சுதான் கூட்டத்தைத் தாக்குப்பிடிக்கணும்.

இதுல பாரு, இந்த வீட்டுக்காரருகிட்ட நானேதான் சொன்னேன், "சார், என்கிட்ட மட்டும் உண்மையான எண்ணிக்கை சொல்லுங்க, டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி"ன்னு. எல்லார்கிட்டயும் சொல்றதுதான். யாரும் கேக்கறதில்ல. இவரு என்னடான்னா ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி, "என் பொண்ணு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேட்டுட்டாம்மா, சரியா இருநூறு"ங்கறாரு. நான் சரி சார், சரி சார்னு கேட்டுக்கிட்டேன். அப்புறம் முப்பதைக் கழிச்சிட்டேன். பின்ன? ஏதோ காலேஜ் போற சின்னப்பொண்ணு, போன்ல ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு மீதியை அடிச்சு விட்டிருக்கும், அதுக்கு என்ன தெரியும்...

ஏம்மா, ஏன் தட்டையே பாத்துக்கிட்டிருக்க? ஆமா, நீ பொண்ணு வீடா, மாப்ள வீடா? மாப்ளைக்கு என்ன வேணும் நீ?

...தங்கச்சியா.

கூடப்பொறந்த தங்கச்சியா?

அப்போ அந்த போன்... நீயா? இருநூறு பேருக்குமா? ரெண்டு ரெண்டு தடவையா? அட கடவுளே. புதுசா ஒரு ஆள்கிட்ட வாய் தொறக்கறதுக்கே உனக்கு அரை மணி நேரம் ஆகுது, நீ எப்படிம்மா இருநூறு பேர்கிட்ட பேசின? எழுதி வச்சுப் படிச்சியா! டேய், கேட்டியாடா? எழுதி வச்சுப் படிச்சிருக்குடா இந்தப் பொண்ணு. நம்ம ரெண்டு பேரும் ஒக்காந்த இடத்துலேயே அம்பது பேரைக் காலி பண்ணிட்டோம்.

நான் இவ்ளோ நேரம் பேசினதெல்லாம்... அப்பாகிட்ட சொல்லப்போறியா? ஏம்மா சிரிக்கற? சிரிச்சா என்ன அர்த்தம்?

இரு, தண்ணி கொதிச்சிருச்சு. தம்பி, மூட்டையை எடு! எவ்ளோ போடறது? ஒரு நூறு பேருக்குப்... இரு. நீயே சொல்லு கண்ணு. இன்னும் சாப்பிடாதவங்க எத்தனை பேரு? ...நாப்பத்தேழா. எண்ணிட்டுதான் உள்ள வந்தியா? அதானே. நாப்பத்தேழுடா! கேட்டுச்சா? கழிக்காத, கூட்டாத. இன்னிக்கு ஒருநாள் நாம மத்தவங்க சொன்னதைக் கேப்போம்.

இந்தா, தட்டைக் குடு. மொதக் கரண்டி உனக்குத்தான், ஏன்னா நீ... இரு இரு. அந்த நாப்பத்தேழுல உன்னைச் சேத்தியா?

சேக்கலையா?

அன்னிக்கு அந்த இருநூறுல? ...எல்லாருக்கும் போன் பண்ணின, உனக்கு நீ பண்ணிக்கலையா! அப்ப இருநூத்தி ஒண்ணுல்ல! பாத்தியாடா தம்பி? பாத்தியா? இதுக்குத்தான்டா நான் யார் சொன்னாலும் நம்பறதில்ல! நாப்பத்தெட்டு, போடு போடு.

சரி, அழாத... ஓ, சிரிக்கறியா. சிரி. உங்கப்பாகிட்ட நானே போறேன். அடுப்புல ஒரு கோளாறும் இல்ல சார், உங்க பொண்ணு சொன்னதை நான்தான் கேக்கலன்னு முழுசா சொல்லிடறேன். கேன்டீன் குடுத்தா குடுக்கட்டும், இல்லன்னா இந்த முட்டி வேனுக்குப் பழகினதுதானே.

நீயே போய்ச் சொல்றேங்கறியா? வேணாம், நீ உக்காந்து சாப்பிடு. நீ போய்ச் சொன்னா அதுலயும் ஒண்ணை விட்டுருவ.