மைக் கொடுத்தால் அது நாடகம்

“நெசமாவே வேலைய விட்டுத் தூக்குனா, கையில மைக்கக் குடுத்துப் பேச விடுவானாடா?”

ரெம்பியாவிலிருந்து அலோர் காஜா போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்தவர் இப்படிக் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் இருந்தவன் இளைஞன். இருவருக்கும் ஒரே தொழிற்சாலைச் சட்டை. பேச்சு, வேலை போன ஒரு டிவி மல்யுத்த வீரனைப் பற்றி.

“இல்லண்ணே, ரியல்தான் லா. வெப்சைட்ல அவன் படத்தையே எடுத்துட்டாங்க.”

“எடுத்தா என்ன? அடுத்த மாசம் முகமூடி போட்டுக்கிட்டு வந்து நாற்காலியால அடிப்பான், பாரு.”

“ரிங்ல நின்னு அழுதான், பாத்தீங்கல்ல?”

“அழுறதுக்கும் சேத்துத்தான் அவனுக்குச் சம்பளம். நம்ம பேக்கிங் செக்‌ஷன் மணியம் அழுதாரா? வெள்ளிக்கிழம காலையில வந்து கார்டத் தட்டுனாரு, கேட்டு தொறக்கல. அங்க காவலுக்கு நிக்கிற ஜாகா மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். பதினெட்டு வருச வேல, அதோட முடிஞ்சிருச்சு. அதான் ரியல்.”

இளைஞன் தன் கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“இன்னும் சில பேரு போவாங்கன்னு சொல்றாங்களே, அண்ணே?”

“சொல்றாங்க.”

தொழிற்சாலை வாசலில் பேருந்து நின்றது. இருவரும் இறங்கி, கழுத்தில் தொங்கிய கார்டைக் கையில் பிடித்தபடி கேட்டின் முன் போய் நின்றார்கள். ஜன்னல் வழியே அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

“நீ மொதல்ல தட்டு.”

“நீங்க தட்டுங்கண்ணே.”

அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.