ஆக்கூர் வரைக்கும் தூங்கட்டும்

மதுவந்தி: மெதுவாப் பேசுங்க எழில் டீச்சர். புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கா.

எழில்மொழி: நான் மெதுவாத்தான் பேசுறேன். பாட்டு போடுறாரே டிரைவர், அவர்ட்டச் சொல்லுங்க... என்ன, உங்க தோள்லயே சாஞ்சுட்டாளா? நாளைக்கு ஏழாங்கிளாசு பூரா தோளுக்கு வரிசைல நிக்கப் போவுது.

மதுவந்தி: நாளைக்கு இவ வந்தாப் பாக்கலாம்.

எழில்மொழி: ஏன்? ரூபாலிக்கு என்னாச்சு?

மதுவந்தி: பையத் தூக்கிப் பாருங்க. டெஸ்க்குக்குள்ள இருந்த புஸ்தகம், கலர் பென்சிலு, தட்டு... ஒண்ணு விடாம அள்ளிப் போட்டுக்கிட்டா.

எழில்மொழி: யப்பா... நெல்லு மூட்டை கணக்கா இருக்கு.

மதுவந்தி: நடவு வேலைக்கு வங்காளத்துலேந்து வந்த சனம். கொட்டாயை இப்ப ஆக்கூர் பக்கம் மாத்திட்டாங்க. பஸ்ல நான் கூட்டிட்டு வந்து விடுறேன்னுதான் அவங்கம்மா பள்ளிக்கூடத்த நிறுத்தாம அனுப்புறாங்க. இவளே வேணாம்னுட்டா...

எழில்மொழி: வளவன் சொன்னதுக்கா?

மதுவந்தி: உங்க காதுக்கும் வந்துடுச்சா?

எழில்மொழி: ஏழாங்கிளாசுல இருமினா எட்டாங்கிளாசுக்குக் கேக்கும். "பானிபூரி பக்கத்துல ஒக்கார மாட்டேன். குளிக்காத கூட்டம். ரயிலேத்தி அனுப்புங்க"... அதானே?

மதுவந்தி: ம்.

எழில்மொழி: நீங்க என்ன சொன்னீங்க?

மதுவந்தி: நான்... போர்டுல எழுதிட்டிருந்தேன். பின்னாடி ஏதோ சிரிப்புச் சத்தம். சரியாக் காதுல விழல. லீடர் பொண்ணு வந்து சொல்லித்தான் தெரியும்.

எழில்மொழி: சரி. தெரிஞ்சப்புறம்?

மதுவந்தி: பெல்லடிச்சுட்டாங்க... அங்க பாருங்களேன். வயலு பூராத் தண்ணி. வானம் கீழ வந்து படுத்திருக்கு. கொக்கு மேகத்து மேல நிக்குது. பஸ்சு எங்கயோ மெதந்து போற மாதிரி இல்ல?

எழில்மொழி: மெதக்கல, நிக்குது. திருக்கடையூர்ல அறுபதாங் கல்யாணத்துக்கு வந்த காரெல்லாம் ரோட்ட அடைச்சிருக்கு. பேச்ச மாத்தாதீங்க.

மதுவந்தி: அவனக் கூப்ட்டுத் திட்டச் சொல்றீங்களா? அவங்கம்மா அம்சம் நடவுக்குப் போயி எத்தன நாளாச்சு... எங்க சித்தப்பாவே இந்த வருஷம் மொத்த நடவையும் வங்காளத்து ஆளுங்களுக்குத்தான் விட்டாரு. அந்த வீட்டுப் புள்ளைய நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு...

எழில்மொழி: அம்சம் எங்க தெருதான். எங்கம்மாவும் நடவாளுதான். அவன் கோவம் எனக்குத் தெரியாதா? அது உங்க சித்தப்பா மேல வரவேண்டிய கோவம். கையில கெடச்சது இந்தப் புள்ள.

மதுவந்தி: அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

எழில்மொழி: நாளைக்கு மொத பீரியடு, எல்லாப் புள்ளையும் இருக்கறப்ப, இந்தக் கிளாசுல இந்தப் பேச்சு ஆகாதுன்னு சொல்லிடுங்க. அப்புறம் அவனத் தனியாக் கூப்ட்டு, அம்மாவுக்கு வேல இருக்கான்னு கேளுங்க. திட்டாதீங்க. அவனும் யார்ட்டயாவது சொல்லணும்ல.

மதுவந்தி: அதில்ல டீச்சர்... இவளுக்குத் தமிழே புரியாது. எதச் சொன்னாலும் சிரிக்கிறா, தலையாட்டுறா. அவன் சொன்னதும் புரிஞ்சிருக்காது. நானாப் போயி அத எல்லார் முன்னாடியும் கெளறி, புரியாத புள்ளைக்குப் புரிய வச்சு நோகடிக்கணுமா?

எழில்மொழி: புரியலன்னா பையில எல்லாத்தையும் ஏன் அள்ளுனா?

மதுவந்தி: அதான் எனக்கும்...

எழில்மொழி: நான் ஆறாவது படிக்கறப்ப ஒருத்தி, என்னப் பாத்தாலே சேத்து வாடைன்னு மூக்கப் பொத்துவா. எனக்குக் கேக்காத மாதிரியே இருப்பேன். ஒண்ணும் கஷ்டமில்ல. ஜன்னல் வழியா எதையாச்சும் பாத்துக்கிட்டிருந்தாப் போதும். பாக்கப் பாக்க நாமளே அங்க இல்லாத மாதிரி ஆயிடும்... இப்ப நீங்க வயலப் பாக்குறீங்களே, அந்த மாதிரி.

மதுவந்தி: ...தூறல் போடுது. ஷட்டரக் கொஞ்சம் எறக்குங்க, இவ மேல படுது.

எழில்மொழி: என்னமோ மொனகுறா.

மதுவந்தி: கனவா இருக்கும். பாவம், ஆக்கூர் வரைக்கும் தூங்கட்டும்.

ரூபாலி: ம்ம்... மடைய அடைங்க... நாத்து போவுது... மெதந்து போவுது...

மதுவந்தி: எழில் டீச்சர்...

எழில்மொழி: கேட்டுச்சு.

மதுவந்தி: தமிழ்ல பேசுறா.

எழில்மொழி: கனவே தமிழ்லதான் வருது போல.

மதுவந்தி: ரூபாலி... ரூபாலிக் கண்ணு... ஆக்கூர் வரப்போவுது, எந்திரி.

ரூபாலி: ...

எழில்மொழி: சிரிக்காத தங்கம். தலையும் ஆட்டாத. நீ தூக்கத்துல பேசிட்ட.

ரூபாலி: ...என்ன பேசுனேன்?

எழில்மொழி: நாத்து மெதந்து போவுதுன்ன.

ரூபாலி: அது தெனம் வரும். நட்டதெல்லாம் தண்ணியோட போயிடும். நான் பின்னாடியே ஓடுவேன்.

மதுவந்தி: உனக்கு எப்பலேந்து தமிழ் புரியும்?

ரூபாலி: போன சம்பாவுலேந்து... கொஞ்சங் கொஞ்சமா.

மதுவந்தி: அப்ப ஏன்டா சொல்லல?

ரூபாலி: புரியலன்னா சும்மா இருக்கலாம்ல டீச்சர்.

மதுவந்தி: ...நாளைக்கு வருவியா?

ரூபாலி: நீங்க வளவன்ட்ட கேப்பீங்களா?

மதுவந்தி: கேக்குறேன். எல்லார் முன்னாடியும் கேக்குறேன். இன்னிக்கே கேட்டிருப்பேன்டா... போர்டுல எழுதிட்டிருந்தேன்ல, அவன் சொன்னது எனக்குக் காதுல விழல.

ரூபாலி: விழுந்துச்சு டீச்சர். அவன் சொன்னப்பத்தான் உங்க கையில சாக்பீஸ் ஒடஞ்சுது. நீங்க திரும்பாம, ஒடஞ்ச துண்ட வச்சே எழுதிக்கிட்டு இருந்தீங்க... நானும் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.