விதைக் கிடங்கில் டீன்

— மேடம், நான் பேசறது கேக்குதா? கதவைத் தொறக்க வேணாம். கேக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

— கேக்குது மேனேஜர். மெதுவாப் பேசுங்க. வேளாண்மைக் கல்லூரி டீன் விதைக் கிடங்குல ஒளிஞ்சிட்டிருக்காங்கன்னு ஊரெல்லாம் தண்டோரா போடணுமா?

— யாருக்கும் தெரியாது மேடம். சொல்லப்போனா, மாட்டுக் கொட்டகை ஆளுக்கும் லேப் அட்டெண்டருக்கும் மட்டும்தான் தெரியும். அப்புறம் மூணாம் வருஷப் பசங்களுக்கு. அவங்க ஒரு நூத்திப் பத்துப் பேர்தான்.

— ரொம்ப ரகசியம்தான். என் தம்பி எங்கே?

— பதிவாளர் சார் உங்க ரூம்லதான் உக்காந்திருக்காரு. கையில நீளமா ஒரு கவர். அரக்கு முத்திரை வேற. டீன் எங்கேன்னாரு, தோட்டத்துக்குப் போயிருக்காங்கன்னேன். எந்தத் தோட்டம்னாரு. சொல்லப்போனா அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஆப்பிள் தோட்டம்னுட்டேன்.

— நம்மகிட்ட ஏதுய்யா ஆப்பிள் தோட்டம்?

— அதையேதான் அவரும் கேட்டாரு. உடனே மாத்திட்டேன். பல்லு வலி, டாக்டர்கிட்ட போயிருக்காங்கன்னு. பல்லு வலியோட ஆப்பிள் தோட்டத்துக்கு எதுக்குப் போனாங்கன்னு கேக்கறாரு மேடம். மனுஷன் விடமாட்டேங்கறாரு.

— சின்ன வயசுலேர்ந்தே அவன் இப்படித்தான். கண்ணாமூச்சி ஆடினா ஒழுங்கா பத்து எண்ண மாட்டான். அக்கம்பக்கத்து வீட்டுல எல்லாம் விசாரணை நடத்துவான்.

— எத்தனை நேரம் மேடம் உள்ளயே இருப்பீங்க? ஒரு வாய் தண்ணியாவது கொண்டு வரவா?

— கேட்டுக்கோங்க. அந்தக் கவர்ல இருக்கறது எட்டேக்கர் உத்தரவு. சோதனை வயலை ஒப்படைக்கச் சொல்லி. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தான் அது செல்லும். ஆளே கிடைக்கலைன்னா யாருகிட்ட குடுப்பான்?

— எட்டேக்கரும் கார் நிறுத்தறதுக்கா?

— கார் நிறுத்தத்தான். பசங்க ஆளுக்கொரு பாத்தி போட்டு வச்சிருக்காங்க. அறுவடைதான் அவங்களுக்குப் பரீட்சை. இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள தார் ஊத்திட்டா நான் எதுக்கு மார்க் போடறது? தாருக்கா?

— அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு பாவம் மேடம். தக்காளிச் செடி பதினெட்டுக்கும் பேரு வச்சிருக்கு. அதுல ஒண்ணுக்கு உங்க பேரு.

— என் பேரா? நல்லாக் காய்க்குதா?

— காய்ப்பு சுமார்தான். சொல்லப்போனா, எத்தனை குச்சி நட்டுக் கட்டினாலும் அது இஷ்டத்துக்குத்தான் நிக்குது. அதனால வச்சதாம்.

— ம். அந்தப் பொண்ணு ரோல் நம்பர் என்னன்னு அப்புறம் சொல்லுங்க.

— ஐயோ மேடம், வராரு! பேசாதீங்க!

— மேனேஜர், யாரோட பேசிட்டிருக்கீங்க?

— விதைங்களோட சார். பேசினா நல்லா முளைக்குதாம். புது ஆராய்ச்சி.

— இப்ப உள்ள யாரோ தும்மினாங்களே?

— மிளகாய் விதை சார்.

— விதை தும்முமா?

— ஆரம்பக் கட்ட ஆராய்ச்சிதான் சார். இன்னும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது.

— அக்கா, கதவைத் தொற.

— அக்கா இங்க இல்லை.

— சரி. இல்லாத அக்காகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். விதிப்படி இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள நீ இதுல கையெழுத்துப் போட்டாகணும். இப்ப மணி பதினொண்ணே முக்கால்.

— போட மாட்டேன்டா. கேட்டுக்கோ, உன்னை இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவ நான். அந்த நன்றிக்கு எட்டேக்கரைப் பிடுங்க வந்து நிக்கறியா?

— எப்பவும் தூக்கினதையே சொல்லு. நடுவுல ரெண்டு தடவை கீழ போட்டதைச் சொல்லாத. அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்...

— நீ என்னத்தைச் சொல்லுவே? உங்க துணைவேந்தர் சொல்லிக் குடுத்ததைச் சொல்லுவே. அந்தாளுக்கு விவசாயத்தைப் பத்தி என்ன தெரியும்? போன வருஷம் இங்க வந்து, நிலக்கடலை எந்த மரத்துல காய்க்குதுன்னு கேட்டாரு!

— அதுவாவது பரவால்ல மேடம். காளை மாடு தினம் எத்தனை லிட்டர்னு என்னைக் கேட்டாரு. நான் பேசாம தலையாட்டிட்டேன்.

— மேனேஜர், நீங்க சும்மா இருங்க. அக்கா, அந்தத் துணைவேந்தர்...

— அந்தத் துணைவேந்தர் நேர்ல வந்து என் கால்ல விழுந்தாலும் ஒரு அடி மண்ணு கிடைக்காது. இதைப் போய் அப்படியே சொல்லு. வார்த்தை மாறாமச் சொல்லு.

— சொல்ல முடியாது. அவர் இல்லை.

— இல்லைன்னா? அடக் கடவுளே, என்னாச்சு? நல்ல மனுஷனாச்சே!

— நல்லாத்தான் இருக்காரு. காலைல ராஜினாமா பண்ணிட்டாரு. வேற பல்கலைக்கழகத்துல வேலை கிடைச்சிடுச்சு. அங்க நெலமே கிடையாதாம், எல்லாமே பத்தாவது மாடிக்கு மேலதானாம். விதிப்படி, அடுத்த ஆள் வர்ற வரைக்கும் டீன்கள்ல யாரு மூத்தவங்களோ அவங்கதான் பொறுப்புத் துணைவேந்தர். பட்டியலைப் பாத்தோம். நீதான்.

— மேனேஜர், இந்தக் கதவு ஏன் இப்படி இறுகுது? வெளிலேர்ந்து நல்லா இழுங்க!

— இழுக்கறேன் மேடம்! ஒண்ணு, ரெண்டு... வந்துடுச்சு! மேடம், தலையெல்லாம் கொத்தமல்லி விதை.

— விடுங்க, தட்டிவிட்டுக்கலாம். டேய், அந்தக் கவர்ல இருக்கறது...

— உன் நியமன உத்தரவு. ஒன்றரை மணி நேரமா இதைக் கையில வச்சிக்கிட்டு ஆப்பிள் தோட்டத்தைத் தேடிட்டிருக்கேன். இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு. தேதி போடு.

— இந்தா. அப்போ எட்டேக்கர் உத்தரவு?

— கையெழுத்தாகாம அப்படியே கெடக்கு. துணைவேந்தர் மேஜை மேலதான். இனிமே அது உன் மேஜை.

— மேடம்! தப்பிச்சோம்! சொல்லப்போனா எனக்கு ஆடணும் போல இருக்கு. நான் போய்ப் பசங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.

— இருங்க, கூடவே இதையும் சொல்லுங்க. போனதும் முதல் வேலையா அந்த உத்தரவை நாலாக் கிழிக்கறேன்னு. இல்லை, எட்டா. ஏக்கருக்கு ஒண்ணு.

— கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்க்கா. மூணு மணிக்கு ஊழியர் சங்கம் உன்னைப் பாக்க வருது.

— மாலை போடவா?

— போராட்டம் பண்ண. தொள்ளாயிரம் பேர் வேலை பாக்கற எடத்துல நூத்தி நாப்பது வண்டிக்குத்தான் எடம் இருக்கு. தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ஸ்கூட்டரை லிஃப்ட்ல ஏத்தி மாடிக்குக் கொண்டு போறாரு. நூலகர் அவரோட வண்டியை வரலாற்றுப் புத்தகங்களுக்கு நடுவுல நிறுத்தறாரு. நேத்து கெமிஸ்ட்ரி வாத்தியார் எடம் தேடிச் சுத்திச் சுத்தி, கடைசில பெட்ரோல் தீர்ந்து போய் அழுதுட்டாரு.

— அதுக்கு நான் என்னடா பண்றது?

— வண்டி நிறுத்த எடம் கிடைக்கற வரைக்கும் துணைவேந்தரை ரூமை விட்டு வெளிய விடப் போறதில்லையாம். பாயெல்லாம் கொண்டு வந்துட்டாங்க. இப்பவே மாடிப்படி பூரா உக்காந்திருக்காங்க. போன வாரம் பழையவரை ஆறு மணி நேரம் அப்படித்தான் வச்சிருந்தாங்க. பாத்ரூமுக்குக்கூட ரெண்டு பேர் காவல்.

— பத்தாவது மாடி, நெலமே இல்லைன்னு ஏதோ சொன்னே?

— அது ராஜினாமாக் கடிதத்துல எழுதின காரணம். அவர் நெசமாப் போனது ஜன்னல் வழியா.

— மேடம், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. ஒரு அடி மண்ணு கிடைக்காதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. நாங்க நூத்திப் பத்துப் பேரும் உங்க பின்னாடி நிக்கறோம்.

— மேனேஜர்... அந்த எட்டேக்கர்ல, விளைச்சல் கொஞ்சம் மட்டமா இருக்கறது எந்த ஓரம்?